பாதிவழிக்காரியும் ஏழாவது கணவாயும்

முதலில் ஒரு மன்னிப்பு. கூட்டம் என்றால் கதவுக்குப் பக்கத்து நாற்காலியைத் தேடி உட்காருகிறவள் நான். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நீங்கள் எல்லோரும் கம்ப்யூட்டரில் படம் வரைந்து, தடித்தடியான புத்தகங்களைப் படித்து விளையாட்டு உருவாக்குகிறவர்கள். உங்களுக்கு நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் தேனியில் நீங்கள் நடத்திய கூட்டத்தில் ஒரு தங்கை என்னிடம் வந்து, “அக்கா, பாத்திரம் எப்படி வளரணும்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருக்கோம். அந்தக் காலத்துல நீங்க என்ன செஞ்சீக?” என்று கேட்டாள். டீ ஆறிவிடும் என்று ஏதோ சொல்லி நகர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு பதில் வர ஆரம்பித்தது. நிற்கவே மாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். கம்பத்தில் ஒரு அச்சகத்தில் டைப் அடித்துப் பக்கம் கட்டும் வேலை எனக்கு. கல்யாணப் பத்திரிகை, திராட்சைப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள், ஏலக்காய்க் கடை பில் புக், இவைதான் பிழைப்பு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. மிஷின் சும்மா நிற்கும். சும்மா நிற்கிற மிஷினைப் பார்த்தால் எங்கள் முதலாளிக்கு வயிறு எரியும். அந்த மாதங்களில் பரமபத அட்டை, குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகம் என்று எதையாவது அடித்துக்கொண்டே இருப்பார்.

ஒரு தடவை அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு விளையாட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். மாயாஜால உலகத்தில் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து ஆடுகிற ஆட்டம். முதலாளி அகராதியை வைத்துக்கொண்டு பாதி படித்தார். மீதிப் பாதியைத் தானே கற்பனை செய்துகொண்டார். அப்படிப் பிறந்ததுதான் ‘ஏழு கணவாய்’. ஏழு மலைக் கணவாய்களைத் தாண்டி, அந்தப் பக்கம் இருக்கிற ராஜ்யத்துக்கு மருந்து வேர் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு கணவாயிலும் ஒரு பூதம், ஒரு வம்பு.

எப்படி ஆடுவது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதைசொல்லி. அவர், “முன்னால ஆறு ஓடுது, பாலம் இல்ல, என்ன செய்யிற?” என்று கேட்பார். ஆடுகிறவர் தான் செய்வதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்டுவார். ஐந்தோ ஆறோ விழுந்தால் நினைத்தது நடக்கும். இல்லையென்றால் இடக்குதான். ஆட்டம் வாரக்கணக்கில் போகும். போகப்போகப் பாத்திரங்கள் வளர வேண்டும். எதைச் செய்தால் வளரும், வளர்ந்தால் என்ன கிடைக்கும், இதைச் சொல்வதுதான் வளர்ச்சி விதி. புத்தகம் முழுவதும் முதலாளி எழுதினார். நான் டைப் அடிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் சந்தேகம் எழுதி எழுதி வைத்தேன். கடைசியில் அவர் கோபப்பட்டு, “ஆத்தா சாந்தி, இம்புட்டு கேள்வி கேக்குறயே, இந்த வளர்ச்சிப் பாடத்தை நீயே எழுதிக் குடு” என்று என் தலையில் கட்டிவிட்டார்.

எட்டுப் பக்கம். புத்தகத்தில் என் பெயர் வராது. ஆனாலும் அதுவரை மற்றவர்கள் எழுதியதை மட்டுமே அடித்த கை இது. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே போனேன். அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அச்சகத்தின் முன்னறையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆடிப் பார்ப்போம். முதலாளிதான் கதைசொல்லி. பூதத்தின் குரலை அவர் எடுத்தால் தெருவில் போகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள். ஆடுகிறவர்கள் மூன்று பேர். கூடலூர்ப் பாண்டி, மலை மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர், அவன் பாத்திரம் வாள்வீரன். ராயப்பன்பட்டி ஆரோக்கியம் அண்ணன், திராட்சைத் தோட்டக்காரர், லேபிள் அடிக்க வந்து ஆட்டத்தில் மாட்டிக்கொண்டவர், சர்ச்சில் பூசை முடிந்து நேராக வருவார், அவர் பாத்திரம் வைத்தியன். மூன்றாவது ஜெயமணி. எங்கள் அச்சகத்தில் தாள் மடித்துத் தைக்கிறவள். கை வேகம், வாய் அதைவிட வேகம். அவள் பாத்திரம் பொன்னி என்கிற சுமைகாரி. நான் ஆட மாட்டேன். ஓரத்தில் உட்கார்ந்து விதி எங்கே உடைகிறது என்று பார்ப்பேன்.

முதலில் இருந்தது முதலாளியின் புள்ளி விதி. எதைக் கொன்றாலும் புள்ளி. புள்ளி சேர்ந்தால் ஒரு படி மேலே. படிக்கு ஒன்று பகடையில் கூட்டிக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது கணவாயில் தோணிக்காரன் வந்தான்.

“ஒரு பெரியவரு தோணியில நின்னு உங்களைக் கை காட்டிக் கூப்புடுறாக” என்றார் முதலாளி.

“கொன்னுருவோம்” என்றான் பாண்டி.

“ஏலே! அவுக உங்களை அக்கரைக்குக் கூட்டிட்டுப் போக வந்தவுகடா!”

“அது சரி முதலாளி. அவுகளுக்கு எத்தனை புள்ளி?”

“கொழுந்தனாரே, கெழவனைக் கொன்னுட்டா தோணியை ஆரு ஓட்டுறது?” என்றாள் ஜெயமணி.

“நான் எதுக்கு இருக்கேன் மதினி? டிரைவர்ல்ல!”

கிழவன் செத்தான். பாண்டிக்குப் புள்ளி கிடைத்தது. தோணியை ஓட்டப் பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது. நடு ஆற்றில் தோணி கவிழ்ந்து மருந்து வேர் மூட்டை இரண்டில் ஒன்று அடித்துக்கொண்டு போனது. ஆரோக்கியம் அண்ணன் சிரித்துச் சிரித்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “தோணி கவுத்தான்டோய்!” என்றார். அடுத்த ஞாயிறு பாண்டி எத்தனை புள்ளி வைத்திருக்கிறான் என்பது அவனுக்கே மறந்துவிட்டது. ஆனால் உள்ளே நுழைந்ததுமே எல்லோரும் அவனை “வாங்க தோணி கவுத்தான்” என்றுதான் கூப்பிட்டார்கள்.

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது.

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு தெருவில் ஐந்து முருகன் இருப்பார்கள். பட்டப்பெயர் இல்லாமல் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. அந்த வருஷம் வைகாசியில் தேவாரத்துக்காரர் ஒருவர் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்ததில் ‘ரேடியோ பாண்டி’, ‘சைக்கிள் முருகன்’ என்றெல்லாம் இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் இது மரியாதையாக இருக்காதே என்று நானாகவே எடுத்துவிட்டேன். அச்சடித்த கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். “ஏம்மா, தாய்மாமன் முருகன்னு போட்டிருக்கே, எந்த முருகன்னு ஊருக்கு எப்படித் தெரியும்? பொண்ணு வீட்டுக்காரவுக வேற முருகன் வீட்டுல போயி நின்னா?” என்று சத்தம் போட்டார். திரும்ப அடித்துக் கொடுத்தோம். அதே வாரம் இன்னொரு பத்திரிகையில் எழுதியிருந்தபடியே பட்டப்பெயரோடு அடித்தேன். அந்தப் பெயர்க்காரர் தற்செயலாகக் கடைக்கு வந்தார். பத்திரிகையை எடுத்துப் பார்த்தார். அந்தப் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். முதல் விஷயத்தை நான் நன்றாக மனதில் வைத்துக்கொண்டேன். இரண்டாவதைச் சரியாகக் கவனிக்கவில்லை.

புள்ளியை எல்லாம் எடுத்துவிட்டு நான் எழுதிய விதி இதுதான். பாத்திரம் பெயரால் வளரும். தனக்குத்தானே பெயர் வைத்துக்கொள்ள முடியாது. ஆட்டத்தில் நடந்த ஒன்றை வைத்து இன்னொருவர் ஒரு பெயர் சொல்ல வேண்டும், மூன்றாவது ஆள் ஒருவர் ‘ஆமாம்’ என்று சொல்ல வேண்டும். இரண்டு வாய் சொன்னால் பெயர் ஒட்டிக்கொள்ளும். நல்ல பெயர் என்றால், அது பொருந்துகிற நேரத்தில் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். கெட்ட பெயர் என்றால், இரண்டு உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும்.

“பேரு வச்சா புள்ள வளந்துருமா?” என்று முதலாளி சிரித்தார்.

ஆனால் ஆட்டம் பற்றிக்கொண்டது! முன்பெல்லாம் ஒருவர் உருட்டும்போது மற்றவர்கள் வெளியே மழையைப் பார்ப்பார்கள். இப்போது ஒவ்வொருவரும் மற்றவர் என்ன செய்கிறார் என்று கண்கொட்டாமல் பார்த்தார்கள். பெயர் வைக்க வேண்டுமே! ஆரோக்கியம் அண்ணனின் வைத்தியனுக்குப் ‘பச்சிலை’ என்று பெயர் வந்தது. பொன்னிக்கு மட்டும் ஒரு பெயரும் வரவில்லை. அவள் மூட்டையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே வந்தாள். எனக்குத்தான் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆடி மாதம் முடியப்போகும் சமயத்தில் முதலாளி கெடு வைத்தார்.

“மிஷின் ரூம் பசங்க புள்ளி விதியில ஆடி ஏழாவது கணவாயைத் தாண்டிட்டாங்ஙே. இந்த ஞாயித்துக்கெழம உன் செட்டு, உன் பேரு விதியில, அதே கணவாயைத் தாண்டணும். தாண்டுனா உன் விதி அச்சு ஏறும். தாண்டலேன்னா பழசுதேன். திங்கக்கெழம மிஷின் ஓட்டியாகணும் ஆத்தா. ஆவணி பொறந்துட்டா கல்யாணக்காரவுக வந்துருவாக, அப்புறம் மிஷின் என் பேச்சைக் கேக்காது.”

நியாயம்தான். வளர்ந்தால் ஏழாவது கணவாயைத் தாண்ட வேண்டும். தாண்ட முடியாத வளர்ச்சி என்ன வளர்ச்சி?

அந்த ஞாயிறு சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பேப்பர் ரீம்களை அடுக்கி மேலே அட்டை போட்டு மேசை ஆக்கியிருந்தோம். முதலாளி தொண்டையைச் செருமினார். “ஏழாவது கணவாய். விடியக்காலம். பனி. கையை நீட்டுனா கை தெரியல. பனிக்குள்ள ஒரு பூதம் மூச்சு விடுற சத்தம். வழி தவறுனவுகளத்தான் அது திங்கும். இந்தக் கணவாயில அஞ்சு பத்தாது. ஆறு விழணும்.”

பாண்டியின் வாள்வீரன் முன்னால் போனான். வழியில் சறுக்கல். “ஒனக்குத்தேன் கவுக்குற பேரு இருக்கே, ரெண்டு உருட்டிச் சின்னதை எடு” என்றார் முதலாளி. ஆறும் இரண்டும் விழுந்தன. ஆறு விழுந்தும் இரண்டைத்தான் எடுக்க வேண்டியிருந்தது! வீரன் பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தது. பச்சிலை வைத்தியன் இறங்கிப் போய் ரத்தத்தை நிறுத்தினான். ஆனால் காலைச் சேர்க்க முடியவில்லை. மூலிகை தீர்ந்துவிட்டது. பூதத்தின் மூச்சு நெருங்கி வந்தது. என் எட்டுப் பக்கமும் கண் முன்னால் கிழிந்துகொண்டிருப்பது போல எனக்கு இருந்தது.

“பொன்னி, நீ என்ன செய்யிற?”

ஜெயமணி கொஞ்சம் யோசித்தாள். “நான் மேல ஏற மாட்டேன். இவனைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டுக் கீழ எறங்குறேன்.”

பாண்டிக்குத் தோற்கிற ஆத்திரம். வாய் தவறிவிட்டது. “ஆமா, பாதிவழிக்கு வேற என்ன தெரியும்?”

ஆரோக்கியம் அண்ணன் ராயப்பன்பட்டிக்காரர். அவருக்கு அந்தச் சொல்லின் கதை தெரியாது. கையைத் தட்டிச் சிரித்தார். “பாதிவழி! ஆமா, நல்லாருக்கே! ரெண்டு வாய் ஆச்சு. எழுதிக்க சாந்தி, பொன்னிக்கும் பேரு வந்துருச்சு!”

சொல்லிவிட்டுத்தான் எங்கள் முகங்களைப் பார்த்தார்.

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். அச்சகத்துக்கு வருவதற்கு முந்தின வருஷம் வரை ஜெயமணி ஏலத்தோட்ட வேலைக்குப் போனவள். பாண்டியின் ஜீப்பில்தான் போவாள். ஒரு நாள் காலையில், கம்பம்மெட்டு மலையேற்றத்தில் ஒரு வளைவில் ஜீப்பின் பின்சக்கரம் சறுக்கியது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தது. வண்டி நின்றதும் இவள் மட்டும் குதித்து இறங்கிவிட்டாள். திரும்ப ஏற மாட்டேன் என்று சொல்லி, அத்தனை வளைவும் நடந்தே கீழே வந்தாள். ஜீப் ஒன்றும் ஆகாமல் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அவளுக்குப் ‘பாதிவழி’ என்று பெயர் ஆகிவிட்டது. தெருவில் சின்னப் பிள்ளைகள் வரைக்கும். அதற்குப் பிறகுதான் அவள் தோட்ட வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தாள். அச்சகத்துக்குள் ஒருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

இப்போது என் விதி அதைச் சொல்ல வைத்துவிட்டது. இரண்டு வாய் சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்று எழுதியவள் நான்தானே. அதுவும் கெட்ட பெயர். இறங்குவதற்கு அவள் இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். அப்படியானால் மூன்று பேரும் சாவது நிச்சயம்.

பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். ஜெயமணி மேசையில் இருந்த தாள் ஒன்றை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அது அவள் கைப்பழக்கம். வெளியே சாரல் சத்தம்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “விதி உன்னுது ஆத்தா. நீதேன் சொல்லணும்.”

நான்கு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. கால் பெருவிரலைத் தரையில் அழுத்திக்கொண்டேன். முதலில் வந்தது, எல்லோருக்கும் முதலில் வருகிற பதில்தான்.

“வேண்டாம்னா அந்தப் பேரை அழிச்சிரலாம் ஜெயா. வச்சவுக வச்சாலும், வாங்குறவுக வேணாம்னா செல்லாதுன்னு எழுதிருவோம்.”

“அழிச்சுட்டா?” என்றாள். தலையைத் தூக்கவில்லை. “இங்கன அழிச்சிருவீக அக்கா. ஊருக்குள்ள அழியுமா?”

அவள் மடித்த தாளின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். எனக்கு அந்த வைகாசி மாதத்து ஆள் ஞாபகம் வந்தார், தன் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு நின்றாரே, அவர். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயர் வைத்தவர்கள் ஒரு பக்கம், அச்சடித்தவள் ஒரு பக்கம். அந்தப் பெயருக்கு அவர் என்ன சொல்வார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

“சரி, அழிக்க வேணாம்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். “அழிக்க வேணாம். பேரு வைக்கத்தேன் மத்தவுகளுக்கு உரிமை. அது நல்ல பேரா, கெட்ட பேரா, அந்தப் பேருக்காரி என்ன செய்வா, இதெல்லாம் மத்தவுக சொல்லக் கூடாது. அதை நீதேன் சொல்லணும். சொல்லு. பாதிவழின்னா என்ன?”

“ஏத்தா, இப்படி ஒண்ணு விதியில இல்லையே?” என்றார் முதலாளி.

“இப்ப இருக்கு முதலாளி.”

அந்த மூன்று சொல்லை நான் எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜெயமணி தாள் மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

“சொல்லவா?”

“சொல்லு.”

“நீங்க எல்லாம் அந்த ரோட்டை ஜீப்புல உக்காந்து பாத்தவுக. ஏறும்போதும் உக்காந்து, எறங்கும்போதும் உக்காந்து. நான் நடந்து பாத்தவ.” பாண்டியைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்துச் சொன்னாள். “எந்த வளைவுல தண்ணி சொட்டும், எங்கன கைப்பிடிச் சுவரு ஒடைஞ்சு கெடக்கு, எந்தக் கல்லுல உக்காந்தா காத்து அடிக்காது, எல்லாம் எனக்குத் தெரியும். கண்ணைக் கட்டி விட்டாலும் எறங்கிருவேன். பாதிவழின்னா அதேன். எந்த மலையில விட்டாலும் திரும்பி வரத் தெரிஞ்சவ. இந்தப் பூதம் வழி தவறுனவுகளத்தான திங்கும்? என்னை எப்படித் திங்கும்?”

“ரெண்டு உருட்டு” என்றார் முதலாளி. “பெருசை எடு.”

ஜெயமணி இரண்டு பகடையையும் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் குலுக்கினாள். ஒன்று விழுந்து உடனே நின்றது. மூன்று. மற்றது அட்டையின் மடிப்பில் தட்டி, சுற்றி, சுற்றி…

ஆறு!

ஆரோக்கியம் அண்ணன் போட்ட கூச்சலில் எதிர்க் கடைக்காரர் குடையோடு வந்து ஷட்டருக்கு அடியில் எட்டிப் பார்த்தார். பொன்னி, முதுகில் மூட்டையோடு, வாள்வீரனைத் தோளில் போட்டுக்கொண்டு, வைத்தியனைக் கையில் பிடித்துக்கொண்டு பனியை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

முதலாளி கையில் இருந்த கணவாய்க் குறிப்புத் தாளைப் புரட்டிப் பார்த்தார். “சரி, உசுரோட வந்துட்டீக. ஆனா கணவாயைத் தாண்டலையே? திரும்பித்தான வந்திருக்கீக?”

அப்போது அதுவரை குனிந்திருந்த பாண்டி நிமிர்ந்தான்.

“முதலாளி, அங்கன இப்ப மணி என்ன இருக்கும்?”

“விடிஞ்சு கொஞ்ச நேரம்.”

“அப்ப பாதிவழியில ஒக்காருவோம். வைத்தியரு என் காலைக் கட்டட்டும். வெயில் ஏறவிட்டு மேல போவோம். நம்ம கம்பம்மெட்டுல பனி பத்து மணிக்கு மேல நிக்காது. எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்லுவான்.”

முதலாளி தாளை முன்னும் பின்னும் திருப்பினார். அதில் ஒன்றுமில்லை. இந்தக் கணவாயில் யாராவது திரும்பி இறங்குவார்கள் என்று அவர் எழுதவே இல்லை. புள்ளி விதியில் யார் இறங்குவார்கள்? இறங்கினால் புள்ளி கிடையாதே. மிஷின் ரூம் பையன்கள் பனிக்குள்ளேயே குத்திக் குத்திப் பூதத்தைக் கொன்று, மூன்று பேரில் இரண்டு பேரைப் பறிகொடுத்துத்தான் தாண்டியிருந்தார்கள்.

“பனி இல்லேன்னா…” என்று இழுத்தார். அவர் கண்ணில் பளபளப்பு வந்துவிட்டது. “பனி இல்லேன்னா ஆறு கேக்க எனக்கு ஞாயம் இல்ல. அஞ்சு போதும். ஆரு உருட்டுறீக?”

“நான்” என்றான் பாண்டி. “அக்கா, என் பேருக்கும் நானே சொல்லலாமுல்ல?”

“சொல்லு.”

“தோணி கவுத்தான்னா ஒரு தடவை கவுத்தவன். இனிமே எங்க சறுக்கும்னு உருட்டுறதுக்கு முன்னாடியே ஒடம்புக்குத் தெரியும்.”

“அடேயப்பா” என்றாள் ஜெயமணி. அன்று மத்தியானம் அப்போதுதான் அவள் முதல் தடவை சிரித்தாள். “கொழுந்தனாரு ஒடம்புக்கு இப்பத்தேன் புத்தி வந்திருக்கு.”

பாண்டி இரண்டு உருட்டினான். பெரியது ஐந்து. மூன்று பேரும் உயிரோடு, மருந்து வேர் மூட்டையோடு அந்தப் பக்கம் இறங்கினார்கள். முதலாளி எழுந்து நின்று ராஜ்யத்தின் முரசு சத்தத்தை வாயாலேயே அடித்துக் காட்டினார். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். யாரும் விடவில்லை.

தம்பி தங்கைகளே, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். வளர்ச்சி என்றால் நாம் எல்லோரும் முதலில் எண்ணைத்தான் கூட்டுகிறோம். எதற்கு எண் கொடுக்கிறோமோ அதைத்தான் ஆடுகிறவர்கள் செய்வார்கள். கொல்வதற்குக் கொடுத்தால் தோணிக்காரனையும் கொல்வார்கள். இறங்குவதற்கு ஒன்றும் கொடுக்காவிட்டால், இறங்கலாம் என்பதே ஒருவருக்கும் தோன்றாது. இது ஒன்று. இன்னொன்று, உங்கள் விதி மேசையில் ஒருவரைக் காயப்படுத்தினால், உடனே விதியை அழிக்க ஓடாதீர்கள். காயப்பட்டவரிடம் முதலில் கேளுங்கள். அவரிடம் உங்களைவிட நல்ல விதி இருக்கும். எனக்கு அந்த நேரத்தில் கேட்கத் தோன்றியது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. வேறு பதில் தெரியாததால் கேட்டேன். உங்களுக்கும் அப்படி ஒரு நேரம் வரும், அப்போது தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

அன்று கிளம்பும்போது ஜெயமணி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். பாண்டி ஷட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மதினி.”

“என்ன?”

“அன்னிக்கு அந்த வளைவுல நானும் எறங்கியிருக்கணும். நானும் பயந்துட்டேன். ஸ்டீரிங்கைப் புடிச்சிருந்ததால எறங்கல.”

ஜெயமணி செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். “எனக்குத் தெரியும் கொழுந்தனாரே. நான் எறங்குனதே ஒம் மூஞ்சியைப் பாத்துத்தேன்.”

குனிந்து ஷட்டருக்கு வெளியே போனாள். முதலாளி எனக்குக் கம்ப்யூட்டர் ரூம் சாவியைக் கொடுத்தார். நான் உட்கார்ந்து அந்த எட்டுப் பக்கத்தில் பெயர் விதி இருந்த மூன்றாவது பக்கத்தை எடுத்துவிட்டுப் புதிதாக அடித்தேன்.

மறுநாள் காலையில் கரண்ட் இல்லை. பத்து மணிக்கு மேல் வந்தது. வளர்ச்சிப் பாடம் மிஷினில் ஏறியது. ஜெயமணி தாள் மடித்தாள். மத்தியானம் ஆவணி முகூர்த்தத்துக்கு முதல் கல்யாணப் பத்திரிகை ஆர்டர் வந்தது.